டெய்லரக்கா அடித்த அடி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவள் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் ஆயாவாக இருக்கிறேன். சோறு வடிப்பது, பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவது, சத்துமாவு உருண்டை பிடிப்பது, இதுதான் எனக்குத் தெரிந்தது. நாலு பேர் கூடின இடத்தில் வாயைத் திறக்கச் சொன்னாலே எனக்கு வியர்க்கும். ஆனால் டெய்லரக்காவைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒருத்தர் கதையில் அவர் ரவுடி. இன்னொருத்தர் கதையில் எட்டுக்கை அம்மனே இறங்கி வந்தது போல. அவர் கடைக்கும் எங்கள் அங்கன்வாடிக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் தும்மினால்கூட எனக்குக் கேட்கும். அந்த உரிமையில் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரை எழுத மாட்டேன். அவர் திருநங்கை. அப்பா அம்மா வைத்த ஆம்பளைப் பெயரை யாராவது சொன்னால் செருப்பு பறக்கும். அவராக வைத்துக்கொண்ட பெயர் அவருடைய சனங்கள், மற்ற திருநங்கைகள், கூப்பிட மட்டும். மற்ற எல்லோருக்கும் டெய்லரக்கா. எனக்கும் அப்படித்தான்.

அவரிடம் எனக்கு முதலில் தெரிந்தது தையல் இல்லை, கை. யார் என்ன செய்தாலும் அந்த நிமிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். "அடியும் இட்லி மாவும் ஒண்ணுங்க ஆயாம்மா. ராத்திரிக்கு வெச்சா புளிச்சுப் போயிரும்" என்பார். செம்மேட்டுச் சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள், கூட வந்தவர்கள் சிரிக்க வேண்டும் என்று, பின்னாலிருந்து அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தான். டெய்லரக்கா திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. கையில் இருந்த துணி மூட்டையை அப்படியே பின்னால் வீசினார். மூட்டைக்குள் துணி அளக்கிற இரும்புக் கோல் இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முன்பல் ஒன்று தரையில் கிடந்தது. டெய்லரக்கா குனிந்து அதை எடுத்தார். மூட்டையிலிருந்து ஒரு துண்டுத் துணியைக் கிழித்து, பல்லைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அவன் சட்டைப் பாக்கெட்டில் வைத்தார்.

"ஊட்டுக்குப் போயி கூரை மேல போடு சாமி. புதுசு மொளைக்கும்."

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இப்படி ஒருத்தர் பக்கத்துச் சுவரில் இருக்கிறாரே என்று பயம்.

அவருடைய இடது கையில் இரண்டு விரல் மடங்காது. துணியை நகர்த்தும்போது அந்த இரண்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டே இருக்கும். ஒரு மழை நாளில் கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். சேந்தமங்கலம் பக்கத்தில் அவர் வீட்டில், தங்கச்சிக்கு அரைத்த மருதாணியில் கொஞ்சம் எடுத்துத் தன் விரலில் வைத்துக்கொண்டாராம். அண்ணன் பார்த்துவிட்டு அந்த விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான்.

"நல்லாச் செவந்துச்சுங்க ஆயாம்மா. ரெண்டு வாட்டி."

"அவனுக்குத் திருப்பிக் குடுத்தீங்களாக்கா?"

"நான் அப்ப சின்னது. முடியலை." பல்லால் நூலைக் கடித்தார். "அது ஒண்ணுதான் உள்ள புளிச்சுக் கெடக்குது. வாசம் வந்துட்டே இருக்கும்."

புத்தகம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் மலையில் ஐப்பசி மழை பிடித்தால் தீப்பெட்டிகூட நமுத்துப் போகும். அங்கன்வாடிக்கு வந்த காகிதப் புத்தகங்கள் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மிச்சத்தைப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக் கிழித்தார்கள். அந்தச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறது. ஒரு வாரம் கழித்து டெய்லரக்கா ஒரு துணிப் புத்தகத்தோடு வாசலில் நின்றார். பக்கம் எல்லாம் கனத்த காடாத் துணி. படம் எல்லாம் துண்டுத் துணி. கண்ணுக்குச் சட்டைப் பித்தான், மூக்குக்குக் கொக்கி. அழுக்கானால் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போடலாம்.

"இதைக் கிழிங்கடா பாக்கலாம்" என்று பிள்ளைகள் நடுவில் போட்டார். இழுத்தார்கள், கடித்தார்கள். கிழியவில்லை. அதற்குப் பிறகுதான் திறந்து பார்த்தார்கள்.

அது கூவுகிற பெட்டைக்கோழியின் கதை. இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் புரியும். எங்கள் பக்கம் பெட்டைக்கோழி கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று அன்றைக்கே அறுத்துவிடுவார்கள். எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு கோழி அப்படிக் கூவியது. அந்த வீட்டுப் பிள்ளை அங்கன்வாடியில் உட்கார்ந்து அழுதது. டெய்லரக்கா கேட்டுவிட்டு நேராக அந்த வீட்டுக்குப் போனார். கோழியின் கழுத்து அரிவாள்மணையில் இருந்தது.

"குடு அதை."

"கெட்ட சகுனமுங்க. ஊட்டுக்கு ஆகாது."

"எங்க ஊட்டுல நானே பொறந்தாச்சு. இதுக்கு மேல ஆகாம என்ன இருக்குது? குடுறா."

வீட்டுக்காரர் தரவில்லை. இழுபறியில் டெய்லரக்காவின் உள்ளங்கை அரிவாளில் பட்டு நீளமாகக் கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கோழியின் காலைப் பிடித்து, கோழியாலேயே அந்த ஆளை நாலு அடி அடித்தார். வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் இரண்டு. கோழி கத்த, ஆள் கத்த, இறகு பறக்க, தெருவே வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு அந்தக் கோழி கடையிலேயே துண்டுத் துணிக் குவியல் மேல் படுத்துக்கிடந்தது. விடிந்ததும் கூவும். அவருக்கு அலாரம் தேவைப்படவில்லை.

புத்தகத்தில் கோழி கூவுகிறது. வீட்டுக்காரன் கத்தியோடு வருகிறான், கோழி அவன் காலைக் கொத்துகிறது. பூசாரி வருகிறார், மூக்கைக் கொத்துகிறது. ஊர்க்கவுண்டர் வருகிறார், அவர் வேட்டியையே கொத்திக்கொண்டு போய்விடுகிறது. பொட்டைக்கோழி கூவியா பொழுது விடியும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் முழுப் பக்கத்துக்கும் மஞ்சள் சூரியன். ஒவ்வொரு பக்கத்துக்கும் பிள்ளைகள் "கொத்து! கொத்து!" என்று தரையைத் தட்டுவார்கள். கட்டடம் அதிரும்.

எங்கள் டீச்சர் நல்லவர். தயங்கித் தயங்கிச் சொன்னார். "சின்னக் கொழந்தைங்களுக்கு இவ்வளவு அடிதடி வேணாமேக்கா."

"டீச்சர், இதுங்க ஊட்டுல பாக்காததையா நான் தெச்சிருக்கேன்?" என்றார் டெய்லரக்கா. "ஊட்டுல அடி வாங்கறது திருப்பிக் கொத்தறதில்லை. அது ஒண்ணைத்தான் நான் சேத்தேன்."

இரண்டாவது புத்தகத்தில் ஒரு குழந்தை. கீழே டிராயர், அதன் மேல் பாவாடை, காலில் கொலுசு. பலா மரம் ஏறுகிறது, தேனீயிடம் கொட்டு வாங்குகிறது, ஓடையில் விழுகிறது. பெயர் கண்ணு. எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளையும் கண்ணுதானே. பையனா பொண்ணா என்று பிள்ளைகளுக்குள் சண்டை வந்து, ஒருவன் இன்னொருத்தியின் காதைக் கடித்துவிட்டான். டெய்லரக்காவிடம் பஞ்சாயத்துப் போனது.

"அது ஏறுன பலா மரம் கேட்டுச்சா, நீ பையனா பொண்ணான்னு?"

"இல்லீங்க."

"மரமே கேக்கலை. உனக்கு எதுக்குடா?"

அந்தப் புத்தகம் முடிந்தபோது சேலத்திலிருந்து அவருடைய சனங்கள் பஸ் பிடித்து வந்தார்கள். ஐந்தாறு பேர், பட்டுப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம். கடை வாசலில் கொடி கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டு, பிள்ளைகளுக்குக் கேக் வெட்டிக் கொடுத்து, கைதட்டி ஆடினார்கள். பிள்ளைகளும் ஆடினார்கள். பாவாடை கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஒரு பையனுக்கு அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சுற்றிச் சுற்றி ஆடி மயங்கி விழுந்தான், எழுந்து மறுபடி ஆடினான். டெய்லரக்கா சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் தகரக் கூரை மேல் கல் விழுந்தது. ஒரு கல் வந்திருந்த ஒருவரின் நெற்றியைப் பிளந்தது. டெய்லரக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிளகுத் தோட்டத்துக்குள் ஓடினார். உள்ளே யாரோ கத்தினார்கள். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு கொத்து முடி இருந்தது. யாருடையது என்று ஊரில் எல்லோருக்கும் மறுநாள் தெரிந்துவிட்டது, வழுக்கையை மறைக்க முடியாது அல்லவா.

இனிச் சொல்லப் போவதுதான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

செல்வி என்று ஒரு பெண். அவள் மகள் எங்கள் அங்கன்வாடியில் இருந்தாள். செல்வியின் புருசன் மரவள்ளிக்கிழங்கு ஏற்றுகிற பிக்கப் வண்டி வைத்திருந்தான். குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். பாப்பாத்தி இன்னொரு பெண். புருசன் செத்துவிட்டான். ஆம்பளைகளைப் போல மிளகு ஏணி ஏறுவாள், புடவைக்கு மேல் கட்டம் போட்ட பழைய சட்டை ஒன்றை எப்போதும் போட்டிருப்பாள். இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி உயிர். அது வெறும் சிநேகிதம் இல்லை என்று எனக்கும் டெய்லரக்காவுக்கும் தெரியும். நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

மூன்றாவது புத்தகத்தின் பெயர் 'ஊடு'. பக்கத்துக்கு ஒரு வீடு. அப்பாவும் அம்மாவும் இருக்கிற வீடு, அம்மாவைப் பெற்ற அம்மாயி மட்டும் இருக்கிற வீடு, மூன்று திருநங்கைகளும் ஒரு நாய்க்குட்டியும் இருக்கிற வீடு. செல்வி பிள்ளையை விட வந்தவள் அதைத் தைக்கும்போது பார்த்துவிட்டாள். மறுநாள் தன்னுடைய கிளிப்பச்சை ஜாக்கெட்டில் மீந்த துண்டைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தாள். கூடவே கட்டம் போட்ட துணி ஒன்று, பாப்பாத்தியின் சட்டை வாலில் கிழித்தது.

"எங்களையும் ஒரு பக்கத்துல வெச்சிருங்கக்கா. பொஸ்தகத்துலயாவது ஒரு ஊட்டுல இருக்கறோம்."

டெய்லரக்கா தைத்தார். ஒரு வீடு. வாசலில் ஏணி. ஏணியில் கட்டம் போட்ட சட்டை, கீழே கிளிப்பச்சை ஜாக்கெட், நடுவில் ஒரு குழந்தை. பிள்ளைகளுக்கு அது சாதாரணப் பக்கம். "இதுல ரெண்டு அம்மா. ஒருத்தி அடிக்க வந்தா இன்னொருத்திகிட்ட ஓடிரலாம்" என்றான் ஒருவன்.

டெய்லரக்கா செய்த தவறு அதுதான். அவர் மலைக்குக் கீழே இருந்து வந்த கீழ்நாட்டுக்காரர். அங்கே துணிக்கடை நூறு இருக்கும், கட்டைவிரல் அளவு துணியை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. எங்களுக்குச் சந்தைக்கு வருகிற ஒரே துணிக்காரர்தான். யார் எந்த நோம்பி பண்டிகைக்கு என்ன எடுத்தார்கள் என்று எங்கள் பொம்பளைகளுக்கு மனப்பாடம். பிள்ளையைக் கூப்பிட வந்த ஒருத்தி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். கதையைப் படிக்கவில்லை, துணியைப் படித்தாள். "ஐயோ, இது செல்வியோட தீவாளி ஜாக்கெட்டு. இது பாப்பாத்தி சட்டை" என்று சிரித்தாள். அவ்வளவுதான். சாயங்காலம் டீக்கடையில் பிக்கப்காரனிடம் ஒருவன் கேட்டான், "ஏனப்பா, உம்பட ஊட்டுக்காரி பாப்பாத்திகூட குடித்தனம் போயிட்டாளாமா? பொஸ்தகமே போட்டிருக்குது."

அன்றைக்கு அவன் செல்வியின் முடியைப் பிடித்து அம்மிக்கல்லில் மோதினான். அதே வெறியோடு கடைக்கு வந்து மிஷினை உதைத்துத் தள்ளினான். டெய்லரக்கா வழக்கம் போலச் செய்தார். இரும்புக் கோலால் முதுகில் ஒன்று, தோளில் ஒன்று, சட்டையைப் பிடித்து ரோட்டில் எறிந்தார். "இனி இந்தப் பக்கம் வந்த, கிழங்கு மாதிரித் தோலை உரிச்சுப்போடுவேன்" என்றார். ஊரே பார்த்தது. அவன் எழுந்து ஒன்றும் பேசாமல் போனான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, சரியான அடி என்று நினைத்தேன்.

காலையில் செல்வி வந்தாள். ஒரு கண் மூடிக்கிடந்தது. உதடு கிழிந்திருந்தது. இடது கையைச் சேலைத் தலைப்பில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க அவனுக்கு ஒண்ணு குடுத்தா, எங்க ஊட்டுக்கு அது ரெண்டா வருதுங்க. ரோட்டுல வாங்குனதை அவன் எங்க கொண்டுபோயிக் கொட்டுவான்?"

டெய்லரக்கா மடங்காத இரண்டு விரலையும் மற்றக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருசமாக அவர் அடித்த ஒவ்வொரு ஆளையும் எண்ணிப் பார்த்திருப்பார் என்று தோன்றியது. அவனவன் வீட்டில் யார் இருந்தார்கள் என்று.

செல்வி இன்னொன்றும் சொன்னாள். ஆடி நோம்பி முடிந்ததும் அவளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, கால் வழுக்கிவிட்டது என்று சொல்லிவிடுவேன் என்று அவன் சொன்னானாம். குடிக்காத நேரத்தில் சொன்னான். அதனால்தான் அவளுக்குப் பயம்.

இரண்டு நாள் கழித்து நான் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது டெய்லரக்கா வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஆயாம்மா, பாப்பாத்தி இன்னைக்கே கீழ எறங்கிட்டா. நாளைக்கு மத்தியான வண்டிக்குச் செல்வி போறா. பிள்ளையை நீங்க பின்வாசல் வழியா உட்டிருங்க. மரவள்ளிக் காட்டுக்குள்ளயே கைகாட்டி ஸ்டாப்புக்குப் போயிருவா. சேந்தமங்கலத்துல பாப்பாத்தி நிப்பா. அங்க போயிட்டா நாலு தெசைக்கும் பஸ்ஸு."

"அவன் எதுத்தாப்புல டீக்கடையிலயே கெடக்கறானேக்கா. ஊட்டுக்குப் போயிப் பாத்தான்னா?"

"அதான். பஸ்ஸு கொண்டை ஊசி வளைவு எறங்கற வரைக்கும் அவன் என் கடை வாசல்ல நிக்கோணும்."

"ஒரே அடியாச் சாச்சுப்புடுங்களேன்" என்றேன். நான் அப்படிப் பேசுகிறவளே இல்லை.

"சாச்சா தூக்கிக்கிட்டு அவன் ஊட்டுக்குத்தான் போவாங்க. அவ இல்லீன்னு தெரிஞ்சா வண்டியை எடுத்துட்டுப் போயி ரெண்டாவது வளைவுலயே பஸ்ஸை மறிச்சிருவானுங்க."

"வண்டி டயரைக் குத்திருங்க."

"ஒருத்தன் வண்டியா இருக்குது? அவன் பங்காளிங்க பூராப் பேரும் வண்டி வெச்சிருக்கானுங்க." கொஞ்ச நேரம் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். "ஆம்பளையை ஒரு எடத்துல நிறுத்தி வெக்க ஒரே வழிதான் ஆயாம்மா. அவன் ஜெயிச்சிட்டே இருக்கோணும். ஜெயிக்கிற எடத்தை உட்டு எந்த ஆம்பளையும் நகர மாட்டான்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்த நாள் மத்தியானத்துக்கு முன்னால் டெய்லரக்கா கடை வாசலில் கொடி கட்டி 'ஊடு' புத்தகத்தை விரித்துத் தொங்கவிட்டார். அந்தப் பக்கத்தைத்தான். ரோட்டைப் பார்த்து. தடுப்பூசிக்கு என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுச் செல்வி பின்வாசலில் நின்றாள். கட்டின கையோடு மறு கையால் பிள்ளையை இழுத்துக்கொண்டு மரவள்ளிக்குள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஓடிவந்து முன்வாசலில் நின்றேன். டீச்சரிடம் பிள்ளைகளை உள்ளறைக்குக் கூட்டிப் போகச் சொன்னேன்.

பிக்கப்காரன் டீக்கடையிலிருந்து எழுந்தான். வண்டியிலிருந்து கிழங்குக் குச்சி வெட்டுகிற கொடுவாளை எடுத்தான். ஒரே வீச்சில் கொடியை அறுத்தான். புத்தகம் சேற்றில் விழுந்தது.

"வெட்டிப்போட்டுருவேன்டா உன்னை!"

"டா சொல்லாதே. கொடுவாளை வெச்சிட்டு வா" என்றார் டெய்லரக்கா. அவருடைய இரும்புக் கோல் வாசலோரம் இருந்த மிஷின் மேல் கிடந்தது. அதைத் தொடவில்லை. "உம்பட ஊட்டுக்காரியை அடிக்கறதுக்குக் கையி போதும், என்னை அடிக்கறதுக்குக் கொடுவாள் வேணுமா? பாருங்கப்பா, இவன் வீரத்தை!"

டீக்கடையில் சிரித்தார்கள். அவன் கொடுவாளைத் தூர எறிந்தான். அதற்குத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

முதல் குத்து வாயில். அவர் பின்னால் சாய்ந்தார், விழவில்லை. கைகளைத் தொங்கவிட்டு நின்றார். அவன் மறுபடி குத்தினான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. அடிக்காமல் நிற்கிறாரே என்று அவனுக்கே ஆச்சரியம். அப்புறம் சந்தோசம். முகத்தில் அந்தச் சந்தோசத்தை நான் பார்த்தேன். டீக்கடைக்காரர்கள் எழுந்து வந்து வட்டம் போட்டு நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை. "போடு, போடு, இத்தனை நாளு ஆடுச்சுல்ல" என்றான் முடி போனவன்.

அவன் கை ஓயும்போதெல்லாம் டெய்லரக்கா பேசினார். "அவ்வளவுதானா? கஞ்சி குடிக்கலையா இன்னைக்கு?" உடனே உதை விழும். வயிற்றில் உதைத்தான். குப்புற விழுந்தார். அவன் திரும்பிப் போகப் பார்த்தான், போதும் என்பது போல. அவர் முழங்கையை ஊன்றி எழுந்தார். "எங்கடா போற? செல்வி என்ன சொன்னா தெரியுமா உன்னைப் பத்தி?" அவன் திரும்பி வந்தான். கையை விரித்து அவர் காதோடு சேர்த்து அறைந்தான். அந்தச் சத்தம் துணி கிழிகிற மாதிரி இருந்தது.

அப்போது பஸ் கைகாட்டியில் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. வட்டத்தில் ஒருத்தரும் திரும்பவில்லை. எல்லாக் கண்ணும் ரத்தத்தின் மேல். முதல் வளைவில் ஹாரன். டெய்லரக்கா மண்டியிட்டிருந்தார். அவன் அவர் தலைமுடியைப் பிடித்து, செல்விக்குச் செய்த மாதிரியே, மிஷின் மேசையின் காலில் மோதினான். இரண்டாவது வளைவில் ஹாரன். அடிகளை எண்ண என்னால் முடியவில்லை, வளைவுகளை எண்ணினேன். ஹாரன் சன்னமாகிக்கொண்டே போய், கடைசியில் காற்றுதான் கேட்டது. பஸ் போய்விட்டது.

அவர் இன்னும் வாங்கிக்கொண்டிருந்தார். காதில் விழுந்த அறையில் அவருக்குத் தூரத்து ஹாரன் எதுவுமே கேட்கவில்லை. பஸ் இன்னும் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். செத்தாலும் நிறுத்த மாட்டார்.

பஸ் என்ற வார்த்தையை நான் சொல்லக்கூடாது. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அத்தனை ஆம்பளைகள் நடுவில், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அக்கா! பிள்ளைங்களுக்குச் சோறு போட நேரமாயிருச்சுக்கா! நேரமாயிருச்சு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பைத்தியக்காரியைப் பார்ப்பது போல. டெய்லரக்காவும் மூடாத ஒரு கண்ணால் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கை மேசை மேல் போனது. இரும்புக் கோல் ஒரு முறைதான் சுற்றியது. அவன் வலது முழங்கைக்குக் கீழே பட்டது. மரவள்ளிக் குச்சியை ஒடிக்கிற சத்தம் கேட்டது. அவன் கத்தவில்லை, முதலில் புரியவில்லை போல. தொங்குகிற கையைப் பார்த்துவிட்டுத்தான் கத்தினான்.

"இந்தக் கை இனி யாரு மேலயும் ஓங்காது" என்றார். வாயில் ரத்தம் இருந்ததால் வார்த்தை குழறியது. வட்டம் தானாக விலகியது.

அவனைப் பிக்கப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செல்வி வீட்டில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிய விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. நான் டெய்லரக்காவை உள்ளே உட்காரவைத்து, பிள்ளைகள் கைகழுவுகிற குண்டாவில் தண்ணீர் கொண்டுவந்து முகத்தைத் துடைத்துவிட்டேன். துணி தொட்ட இடமெல்லாம் சிவந்தது. காதருகில் குனிந்து, "போயிட்டாங்கக்கா" என்றேன். "ஆ?" என்றார். மற்றக் காதில் சொன்னேன். அப்போதுதான் அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. வெகுநேரம் நிற்கவில்லை. நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் போலீஸ் ஜீப் வந்தது. டெய்லரக்கா கடையைப் பூட்டிவிட்டு ஏறிப் போனார். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு முட்டை போடும் நாள். பிள்ளைக்கு ஒன்று என்று பழைய கணக்கிலேயே வேகவைத்து உரித்துக் கொடுத்தோம். ஒரு முட்டை மீந்தது.